மண்டோர் அனுப்பும் கணக்கைச் சாவியும் மதிப்புமாகப் பிரிப்பது எப்படி?

#1 ஆறாங்கட்டை

எல்லாருக்கும் வணக்கம். நான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான்.

என் மாமா ஒரு செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். மூன்று மண்டோர்கள் (வேலையை மேற்பார்ப்பவர்கள்), இருபத்தாறு ஆட்கள். சாயங்காலம் ஆனதும் மண்டோர்கள் அன்றைய கணக்கைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுவார்கள். மாதக் கடைசியில் அத்தை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தெழுதிச் சம்பளம் போடுவார். அத்தைக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. அதனால் அந்த வேலையைச் செய்யப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன்.

மூன்று பேரும் எழுதும் விதத்தைப் பாருங்கள். புளோக் என்பது தோட்டத்தின் ஒரு பகுதி, குலை வெட்டிய பழக்குலை, உதிரி உதிர்ந்த பழம். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் மண்டோர்:
புளோக்: 14
வெட்டு: முனியாண்டி 92
உதிரி: 4 கோணி
லோரி: 4:30

இரண்டாமவர்:
14 பிளாக் முனியாண்டி 92 குலை, குமார் 78, உதிரி 4 சாக்கு. லோரி நாலரைக்கு வந்தது

மூன்றாமவர்:
பு14 - முனி - 92 / குமார் - 78 (2 காய்)

வெட்டிய பழம் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் லோரி நேரமும் எங்களுக்கு வேண்டும். நான் முதல் மண்டோரின் செய்தியில் ஆரம்பித்தேன். வரியை முக்காற்புள்ளியில் (:) உடைத்தால் இடப்பக்கம் சாவி, வலப்பக்கம் மதிப்பு. லோரி வரியில் மூன்று துண்டு வந்து நிரல் நின்றுவிட்டது. சரி, இரண்டு துண்டு வராத வரியை விட்டுவிடு என்று எழுதினேன். அதற்கப்புறம் நிரல் ஓடியது, பிழை எதுவும் காட்டவில்லை.

மாதக் கடைசியில் ஒருவர் தன் 555 நோட்டை (சின்னக் கணக்கு நோட்டு) எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவர் நோட்டில் பதினொரு நாள், எங்கள் பட்டியலில் ஒன்பது. அந்த இரண்டு நாளும் மண்டோர் ‘வெட்டு: முனியாண்டி: 92’ என்பதுபோல ஒரு முக்காற்புள்ளி கூடுதலாகப் போட்டிருந்தார். நிரல் வரியை விட்டுவிட்டது. மாமா அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் நோட்டு வைத்திருக்காவிட்டால்? அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இதை எப்படிச் சரியாகச் செய்வது?

#2 கிள்ளான் நிரலர்

தம்பி, முதலில் முக்காற்புள்ளியைப் பார்ப்போம். எல்லா முக்காற்புள்ளியிலும் உடைக்காதே, முதலாவதில் மட்டும் உடை. வரியை உடைக்கும் ஸ்ப்ளிட்டுக்கு இரண்டாவது உள்ளீடாக 1 கொடுத்தால் ஒரு முறைதான் உடைக்கும். அதைவிட பார்ட்டிஷன் என்ற செயற்கூறு நல்லது. எந்த வரியைக் கொடுத்தாலும் மூன்று துண்டு திருப்பித் தரும்: முன்பகுதி, பிரிப்பான், பின்பகுதி. பிரிப்பானே இல்லாத வரி என்றால் நடுத்துண்டு வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்தே ‘இது வேறு மாதிரி வரி’ என்று தெரிந்துகொள்ளலாம்.

இது இன்றைக்கு வந்த பிரச்சினை இல்லை. மின்னஞ்சலின் தலைப்பு வரிகளுக்கு 1982-இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற விதித்தொகுப்பு இதே வழியைத்தான் எடுத்தது. முதல் முக்காற்புள்ளியோடு சாவி முடிகிறது. சாவிக்குள் இடைவெளியோ முக்காற்புள்ளியோ வரக்கூடாது. மதிப்புக்குள் எத்தனை வந்தாலும் பரவாயில்லை. ‘பொருள்: கூட்டம்: மாலை 4:30’ என்று அனுப்பினாலும் எந்த அஞ்சல் செயலியும் குழம்பாது. இன்னொரு விதியும் அதில் உண்டு. ஒரு வரி இடைவெளியில் தொடங்கினால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி. மண்டோர்கள் நீளமாக எழுதும்போது இந்த விதி உனக்குக் கைகொடுக்கலாம்.

#3 நிரைக்காரன்

கூகள் படிவம் ஒன்று செய்து மண்டோர்களிடம் கொடுத்துவிடுங்கள். புளோக், ஆள், குலை, உதிரி என்று நான்கு கட்டம் போதும். உடைக்கவே வேண்டியதில்லை.

#4 பழைய கிராணி

நான் தோட்ட ஆபீசில் முப்பத்தொரு வருடம் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன். படிவ யோசனைக்கு என் பதில் இது.

மண்டோர் எங்கே நின்று எழுதுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். மரத்தடியில், கையெல்லாம் எண்ணெயும் ஈரமுமாக, ஒரு பக்கம் லோரிக்காரர் அவசரப்படுத்த, மறுபக்கம் மழை இருட்டிக்கொண்டு வர. அந்த நேரத்தில் அவருக்கு வரும் முறை எதுவோ அதில்தான் எழுதுவார். நான்கு கட்டத்தை ஒவ்வொரு ஆளுக்கும் நிரப்பச் சொன்னால் முதல் வாரம் நிரப்புவார். இரண்டாம் வாரம் பாதியை மனத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி வீட்டில் போய் நிரப்புவார். மனத்தில் வைத்த கணக்கு தப்பும். எனக்குத் தெரிந்து செக்ரோலில் (ஆள் வருகை, கூலிப் பதிவேட்டில்) வந்த தகராறு பாதிக்கு மேல் அப்படி வந்ததுதான்.

செக்ரோலில் நாங்கள் ஆளைப் பெயரால் பிடிக்கவில்லை, எண்ணால் பிடித்தோம். ஒரே டிவிஷனில் நான்கு முனியாண்டி இருந்த காலம் அது. இப்போதும் வெட்டுகிற ஆள் குலைக் காம்பில் தன் எண்ணை எழுதி வைக்கிறார் இல்லையா? அதுதான் உங்கள் சாவி. மண்டோர் பெயரை எழுதட்டும். எந்தப் பெயர் எந்த எண் என்பதை நீங்கள் ஒரு பட்டியலில் வையுங்கள். ‘முனி’, ‘முனியாண்டி’, ‘பெரிய முனி’ என்று எப்படி வந்தாலும் ஒரே எண்ணுக்குப் போய்ச் சேரட்டும்.

மண்டோரின் கையை மாற்ற வேண்டாம் தம்பி. நிரலை மாற்றுங்கள்.

#5 நிரைக்காரன்

ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். என் அப்பாவும் மண்டோர்தான், இதை நான் யோசித்திருக்க வேண்டும். படிவம் வேண்டாம் என்றால் யாமல் என்ற கோப்பு வடிவத்தில் எழுதச் சொல்லலாமே? முதல் மண்டோர் எழுதுவது கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கிறது.

#6 கிள்ளான் நிரலர்

பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதுதான் ஆபத்து. ‘லோரி: 4:30’ என்ற வரியைப் பைத்தானில் பலரும் பயன்படுத்தும் பையாமல் நூலகத்திடம் கொடுத்தால் மதிப்பு 270 என்று வரும். யாமல் 1.1-இல் முக்காற்புள்ளியோடு வரும் எண்களை அறுபதின் அடுக்காக எடுத்துக்கொள்ளும் விதி இருந்தது. நாலு அறுபது இருநூற்று நாற்பது, அதோடு முப்பது. அதே மண்டோர் 04:30 என்று எழுதினால் பூஜ்யத்தில் தொடங்குவதால் அந்த விதிக்குள் வராது, வெறும் எழுத்தாகவே வரும். ஒரே நேரம் ஒரு நாள் எண்ணாக, இன்னொரு நாள் எழுத்தாக. 2009-இல் வந்த யாமல் 1.2 இந்த விதியை எடுத்துவிட்டது, ஆனால் பையாமல் இன்னும் 1.1 வழியில்தான் போகிறது.

டோமல் என்ற இன்னொரு வடிவம் இன்னும் கறாரானது. அதன் 1.0 பதிப்பில் மேற்கோள் குறி இல்லாத சாவிக்கு ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு, சிறுகோடு இவை மட்டும்தான். ‘புளோக்’ என்று தமிழில் எழுதினால் மேற்கோளுக்குள் போட வேண்டும். மரத்தடியில் நின்றுகொண்டு மேற்கோள் குறி தேட முடியுமா?

இவையெல்லாம் நிரலர்கள் நிரலர்களுக்காகச் செய்த வடிவங்கள். அமைப்புக் கோப்புக்கு நல்லவை. மனிதர் மனிதருக்கு எழுதும் செய்தி வேறு.

#7 மெய்யெழுத்து

தம்பி, உடைக்கிறதுக்கு முன்னால் எழுத்தைச் சுத்தம் செய்யணும். யாரும் இதைச் சொல்லாததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். அல்லது முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாக வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தானில் இரண்டையும் ஒப்பிட்டால் ‘வேறு வேறு’ என்று வரும். ஒரு மண்டோரின் ‘கோணி’ கிடைக்கிறது, இன்னொருவரின் ‘கோணி’ கிடைக்கவில்லை என்றால் இதையும் சந்தேகப்படுங்கள். யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பிலேயே நார்மலைஸ் என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. என்எஃப்சி என்று கேட்டால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். ஆனால் ‘ஔ’ என்பதற்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தால் அதை எந்த நார்மலைசும் சரிசெய்யாது. அது உண்மையிலேயே வேறு எழுத்துகள். பெயர்ப் பட்டியலில்தான் சேர்க்கணும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத குறிகள். புலன உரையாடலைக் கோப்பாக இறக்கினால் சில கைப்பேசிகளில் வரியின் முன்னால் இடமிருந்து வலம் என்று திசை காட்டும் குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். ஓரத்து இடைவெளியை நீக்கும் ஸ்ட்ரிப் அதை அகற்றாது, ஏனென்றால் அது இடைவெளி வகையைச் சேர்ந்ததில்லை. அகலமில்லா இடைவெளி என்ற குறியும் அப்படித்தான். இவற்றை நாமே பெயர் சொல்லி நீக்கணும்.

மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்திய விஷயம். பைத்தானின் ரெகெக்சில் (எழுத்து அமைப்பைத் தேடும் கருவி) ‘சொல் எழுத்து’ என்பதற்கு ஒரு சுருக்கக் குறி இருக்கிறது, பின்சாய்வுக் கோடும் டபிள்யூவும். அதை வைத்து ‘முனியாண்டி’ என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். ம, ன, ய, ண, ட என்று ஐந்து துண்டாக வரும். ‘குமார்’ க, ம, ர ஆகிவிடும். உயிர்மெய்யின் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே எண்ணுவதில்லை. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களின் வரம்பை முதலிலிருந்து கடைசி வரை நீங்களே குறித்துக் கொடுத்தால் பெயர் முழுசாக வரும்.

ஒரு தமிழ்ப் பெயரை ஐந்து துண்டாக்குகிற கருவியை நம்பிச் சம்பளம் போடக்கூடாது.

#8 ஆறாங்கட்டை

அக்கா, நன்றி. ‘கோணி’ பிரச்சினை அப்படியே எங்களிடம் இருந்தது. இரண்டு நாளாக மண்டோரைத்தான் சந்தேகப்பட்டேன், நேற்று அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

இப்போது அடுத்தது. மூன்றாம் மண்டோர் ஆளுக்கு ஆள் சாய்வுக்கோடு போடுகிறார், அதனால் அதில் உடைத்தேன். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களின் விவரத்தை அடையாள அட்டையில் இருப்பதுபோலவே அனுப்புவார். அதில் எல்லாருக்கும் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்), ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) இருக்கிறது. நம் பெயர் எல்லாமே நடுவில் உடைகிறது.

#9 கிள்ளான் நிரலர்

மலேசியத் தமிழர் பெயரைத் தொடும் எந்த நிரலும் இந்தச் சாய்வுக்கோட்டில் ஒரு தடவை இடறும். பிரிப்பான் என்று எடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கிறதா என்று பார். ‘92 / குமார்’ பிரிப்பான். ‘ஏ/எல்’ பெயரின் பகுதி. சிறுகோட்டுக்கும் இதே விதி. அடையாள அட்டை எண்ணில் ஆறாம் இலக்கத்துக்கும் எட்டாம் இலக்கத்துக்கும் அப்புறம் சிறுகோடு வரும், அங்கே இடைவெளி இருக்காது.

அந்த எண்ணை முழு எண்ணாக மாற்றவே மாற்றாதே. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, வருடம் முன்னால் வரும். 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்தவர்களுக்குப் பூஜ்யத்தில் தொடங்கும். எண்ணாக்கினால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும், பன்னிரண்டு இலக்கம் குறைந்துவிடும். அடுத்த இரண்டு இலக்கம் பிறந்த இடம், சிலாங்கூர் 10, பேராக் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். கூட்டவோ பெருக்கவோ போகாத எதையும் எழுத்தாகவே வை. தொலைபேசி எண்ணும் அப்படித்தான், புளோக் 07-உம் அப்படித்தான்.

அப்புறம், யாருடைய அட்டை எண்ணையும் உதாரணத்துக்குக்கூட இங்கே போட்டுவிடாதே.

#10 ஆறாங்கட்டை

சரி அண்ணா. போடமாட்டேன்.

இன்னொரு ஓட்டையைக் கண்டுபிடித்தேன், இது பெரியது. காலையில் ‘முனி - 52’, சாயங்காலம் அதே புளோக்கில் மறுபடியும் ‘முனி - 40’ என்று வந்திருக்கிறது. சாவிகளையும் மதிப்புகளையும் நான் வைப்பது பைத்தானின் டிக்‌ஷனரியில். டிக்‌ஷனரியில் சாவி ஒன்றுதான் என்பதால் இரண்டாவது முதலாவதை அழித்துவிட்டது. 92 குலை வெட்டியவருக்கு 40 என்று காட்டுகிறது. இதற்கும் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை.

#11 கிள்ளான் நிரலர்

இந்தப் பிழையை நீ பார்த்துவிட்டாய் என்பதே பெரிய விஷயம். ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு என்பது டிக்‌ஷனரியின் குணம், மண்டோரின் குணம் இல்லை. ஜேசான் என்ற தரவு வடிவத்தில் ஒரே சாவி இரண்டு முறை வந்தால் பைத்தான் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளும். அமைப்புக் கோப்பைப் படிக்கும் கான்ஃபிக்பார்சர் அப்படி இல்லை, ஒரே பகுதியில் சாவி திரும்ப வந்தால் பிழை சொல்லி நிற்கும். மின்னஞ்சலோ திரும்ப வருவதையே விதியாக வைத்திருக்கிறது, அஞ்சல் கடந்து வந்த ஒவ்வொரு சேவையகமும் ‘ரிசீவ்ட்’ என்று தன் வரியைச் சேர்க்கும்.

உனக்கு வேண்டியது மூன்றாவது வழி. மதிப்பாக எண்ணை வைக்காதே, பட்டியலை வை. ஒவ்வொரு முறையும் அதில் சேர். சேர்க்கும்போது எந்தச் செய்தி, எத்தனையாவது வரி, மண்டோர் எழுதிய அசல் சொற்கள் என்ன என்பதையும் கூடவே வை. கூட்டுவது அப்புறம். அசல் வரியைத் தூக்கிப்போட்ட நிரலிடம் யாரும் போய்க் கணக்குக் கேட்க முடியாது.

#12 மெய்யெழுத்து

எனக்கு ஒரு சந்தேகம், கிராணி ஐயாவிடம் கேட்கிறேன். தம்பி எனக்குத் தனியாக அனுப்பிய செய்திகளில் இப்படி ஒரு வரி இருந்தது:

குமாரும் முனியும் 60

‘உம்’மை எடுத்துவிட்டுப் பெயரைக் கண்டுபிடிக்க நிரலால் முடியும். ‘முனிக்கு’, ‘முனியோட’ என்று வேற்றுமை உருபு ஒட்டினாலும் பட்டியலில் உள்ள பெயர் முன்னால் பொருந்துகிறதா என்று பார்த்துப் பிடித்துவிடலாம். ஆனால் இந்த 60 ஆளுக்கு அறுபதா, இரண்டு பேருக்கும் சேர்த்தா?

#13 பழைய கிராணி

எங்கள் டிவிஷனில் அப்படி எழுதினால் சேர்த்து என்று அர்த்தம். ஒருவர் வெட்ட, ஒருவர் மட்டை அடுக்கி உதிரி பொறுக்குவார், கூலியில் ஆளுக்குப் பாதி.

#14 நிரைக்காரன்

எங்கள் பக்கம் ஆளுக்கு அறுபது. சேர்த்து என்றால் அப்பா ‘ஜோடி’ என்று எழுதுவார்.

#15 மெய்யெழுத்து

நான் பயந்தது இதற்குத்தான். இரண்டு பேரும் முப்பது வருடம் தோட்டத்தைப் பார்த்தவர்கள் வீட்டிலிருந்து பேசுகிறீர்கள், இரண்டு பதிலும் சரி. எழுத்தில் இல்லாத அர்த்தத்தை நிரல் தானாக நிரப்பக்கூடாது. செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் இரண்டில் ஒன்றை எடுத்து அழகாகக் கட்டத்தில் போட்டுவிடும், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. அப்படிப் பயன்படுத்தினாலும், அது தரும் ஒவ்வொரு எண்ணும் அசல் வரியில் இருக்கிறதா என்று நம் நிரல் சரிபார்க்கணும். அந்தச் சோதனையும் இந்த அறுபதைப் பிடிக்காது. மண்டோரிடம் கேட்பதுதான் வழி.

#16 ஆறாங்கட்டை

நீங்கள் சொன்னதையெல்லாம் வைத்து மறுபடியும் எழுதினேன். இப்போது இப்படிப் போகிறது.

செய்தி வந்ததும் எழுத்தை நார்மலைஸ் செய்து, தெரியாத குறிகளை நீக்குகிறேன். ‘புளோக்’, ‘பிளாக்’, ‘பு’ மூன்றும் ஒரே சாவிக்குப் போகின்றன. பட்டியலில் நீளமான சொல்லை முதலில் பொருத்துகிறேன், இல்லாவிட்டால் ‘பு’ முந்திக்கொண்டு ‘புளோக்’கின் தலையைக் கடித்துவிடுகிறது. இடத்துக்கும் இப்படி ஒரு பட்டியல் வைத்தேன், பெஸ்தாரி ஜெயாவும் பத்தாங் பெர்ஜுந்தையும் ஒன்றுதான். புளோக் எண் ஒரு முறை வந்தால் அடுத்த புளோக் வரும் வரை அதற்குக் கீழே உள்ள எல்லா வரிக்கும் அதுவே.

முக்கியமானது கடைசிப் படி. நிரல் எந்த வரியையும் விடுவதில்லை. புரிந்த வரி ஒரு பக்கம், புரியாத வரி ஒரு பக்கம், இரண்டையும் கூட்டினால் வந்த வரிகளின் எண்ணிக்கை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நிரல் நின்றுவிடும். அப்புறம் மண்டோருக்கே பதில் அனுப்புகிறது:

பு14. முனி 52 + 40 = 92. குமார் 78. மொத்தம் 170. உதிரி 4 கோணி. லோரி 4:30.
புரியாத வரி 1: ‘குமாரும் முனியும் 60’. ஆளுக்கா, சேர்த்தா?

அவர் ‘சேத்து’ என்று ஒரு சொல் தட்டினால் போதும். இரண்டாம் மண்டோர் இப்போது இந்தப் பதிலுக்காகக் காத்திருந்து படிக்கிறார். மொத்தத்தை லோரி ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறாராம்.

#17 பழைய கிராணி

தம்பி, இது செக்ரோல்தான். நாங்கள் மாலையில் மண்டோரை ஆபீசுக்குக் கூப்பிட்டு வரிவரியாக வாசித்துக் காட்டுவோம், அவர் தலையாட்டினால்தான் மை போடுவோம். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்று கேட்கிறேன். மழை நாளில் மண்டோர் என்ன அனுப்புகிறார்?

#18 ஆறாங்கட்டை

ஐயா, நேற்று அதுதான் வந்தது. ஒரே ஒரு சொல்: ‘மழை’. முக்காற்புள்ளி இல்லை, எண் இல்லை. புரியாத வரிப் பக்கம் போய் விழுந்தது.

#19 கிள்ளான் நிரலர்

அதுவும் சாவிதான், மதிப்பு இல்லாத சாவி. கான்ஃபிக்பார்சரில்கூட மதிப்பில்லாத சாவியை அனுமதிக்க ஒரு தேர்வு உண்டு. உன் பட்டியலில் ‘மழை’யைச் சேர்த்துவிடு. ஆனால் சேர்க்கும் முன், அந்தச் சொல்லால் சம்பளத்தில் என்ன மாறும் என்று மாமாவிடம் கேள்.

#20 ஆறாங்கட்டை

கேட்டேன். பெரட்டுக்கு (காலையில் ஆள் கூடும் இடத்துக்கு) வந்து காத்திருந்தவர்களுக்கு அரை நாள் கூலி, வராதவர்களுக்கு இல்லை. ஆக ‘மழை’ என்று வந்தால் நிரல் உடனே ‘பெரட்டுக்கு யார் யார் வந்தார்கள்?’ என்று திருப்பிக் கேட்கும்படி எழுதிவிட்டேன். இன்றைக்குக் காலையிலும் மழை. ஆறே முக்காலுக்கு முதல் மண்டோரிடமிருந்து பதினேழு பெயர் வந்தது, ஒவ்வொன்றும் தனி வரியில். அந்த 555 நோட்டுக்காரர் பெயர் மூன்றாவதாக இருந்தது.